தோல் பட்டிக்குப் பின்னால் ஒரு லேபல்

பழைய தொப்பி திருத்துகிற வீடியோக்கள் பார்த்திருக்கிறீங்களா? எங்களில் சிலர் நித்திரை முழிச்சிருந்து பார்க்கிற சாமான் அது. நசுங்கி, தூசி படிஞ்சு, பூச்சி அரிச்ச ஒரு ஃபெல்ற் தொப்பி வரும். அதைத் தூரிகையால் துடைப்பார்கள், கேத்தில் ஆவியில் பிடித்து இளக்குவார்கள், தலை வடிவான மரக்கட்டையில் மாட்டி இழுத்து இறுக்கிக் காயவிடுவார்கள். கடைசியில் பழைய ஹொலிவூட் படங்களில் துப்பறிவாளர்கள் போட்டுக்கொண்டு வருகிற தொப்பி கைக்கு வந்துவிடும்.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தினது நடுவில் வருகிற ஒரு சின்னக் கணம். தொப்பியின் உள்ளே நெற்றி படுகிற இடத்தில் ஒரு தோல் பட்டி இருக்கும். அதை வெளிப்பக்கமாக மடித்தால், பின்னால் தபால் முத்திரை மாதிரியான ஒரு கடதாசித் துண்டு. அமெரிக்கத் தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் லேபல். சேகரிக்கிறவர்கள் இதை வைத்துத்தான் தொப்பியின் வயதைக் கணிக்கிறார்கள். 1934இல் அந்தச் சங்கம் இன்னொரு சங்கத்தோடு இணைந்து பெயரை மாற்றிக்கொண்டது. ஆகவே பழைய பெயர் இருந்தால் தொப்பி 1934க்கு முந்தியது எண்டு சொல்லலாம்.

வயது கண்டுபிடிக்கிற ஒரு தடயமாக மட்டும் அதைப் பார்த்துவிட்டு விடலாமா? அந்த லேபலுக்காக ஆட்கள் வீட்டையே இழக்கப் பார்த்தார்கள்.

முதலில் ஃபெல்ற் எப்படி வருகிறது எண்டு பார்ப்பம். அது நெய்த துணி இல்லை. முயல், பீவர் போன்ற மிருகங்களின் மெல்லிய உள்ரோமத்தைச் சூட்டிலும் ஈரத்திலும் அமுக்கி அமுக்கி, ஒன்றோடொன்று சிக்கவைத்துச் செய்வது. பீவர் ரோமம் இயல்பாகவே நன்றாகச் சிக்கும். ஆனால் அது விலை கூட. மலிவான முயல் ரோமம் லேசில் சிக்காது. அதனால் தோலில் இருக்கும்போதே ரோமத்துக்குப் பாதரச நைத்திரேற்றுக் கரைசலைப் பூசினார்கள். காயும்போது ரோம நுனிகள் செம்மஞ்சளாக மாறும். தொழிலாளர்கள் இந்த வேலைக்கு வைத்த பெயரே ‘கரட் போடுறது’ எண்டதுதான்.

அந்த ரோமத்தை வெந்நீரிலும் ஆவியிலும் வைத்து வேலை செய்யும்போது பாதரசம் காற்றில் கலந்தது. யன்னல் பூட்டிய சூடான அறைக்குள் அதைச் சுவாசித்தபடி ஆட்கள் வேலை செய்தார்கள். முதலில் முரசு வீங்கும், எச்சில் ஊறும், பல் ஆடும். பிறகு கை நடுங்கத் தொடங்கும். மனமும் மாறும்: ஆட்களைக் கண்டால் கூச்சம், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். ‘அலிஸின் அற்புத உலகம்’ கதையில் வருகிற பைத்தியத் தொப்பிக்காரரைப் பலரும் இந்த நோயோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அவர் தேநீர் விருந்தில் வாய் ஓயாமல் கதைக்கிற ஆள். பாதரசம் ஏறின மனிதரோ மற்றவர் கண்ணில் படாமல் ஒதுங்கப் பார்ப்பவர்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் தலைநகரம் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி. ‘தொப்பி நகரம்’ எண்டே அதற்குப் பட்டப்பெயர். அங்கே இந்த நோய்க்கும் ஊர்ப் பெயர்தான்: ‘டான்பரி நடுக்கம்’. ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த, தொழிலோடு கூட வருகிற ஒன்றாக அது இருந்தது.

இதே ஊரில்தான் லேபல் சண்டையும் நடந்தது. சங்கத்தோடு ஒப்பந்தம் செய்த தொழிற்சாலைகளின் தொப்பிகளில் மட்டும்தான் அந்த லேபல் ஒட்டப்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டில் இருந்த 82 ரோமத் தொப்பி நிறுவனங்களில் 70 சங்கத்துக்கு இணங்கியிருந்தன. போலி லேபல்களும் வந்தன. உண்மையான லேபலுக்கு முத்திரையைப் போல நாலு பக்கமும் துளை வரிசை இருக்கும், பார்த்து வாங்குங்கோ எண்டு சங்கம் விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது.

டான்பரியில் டீட்ரிக் லோவ் என்ற முதலாளி இணங்கவில்லை. 1902இல் அவருடைய தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவருடைய தொப்பிகளை வாங்காதீங்கோ எண்டு சங்கம் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது. லோவ் வழக்குப் போட்டார். சங்கத்தின் மீது மட்டுமில்லை, 200க்கும் மேற்பட்ட சாதாரணத் தொழிலாளர்கள் மீதும். அவர்களின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் வழக்குக்காக முடக்கப்பட்டன.

1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லோவின் பக்கம் நின்றது. பெரிய நிறுவனங்களின் ஏகபோகத்தை உடைக்கவெண்டு 1890இல் கொண்டுவந்த சட்டம், தொப்பி செய்கிற கைகளுக்கு எதிராகத் திரும்பியது. 1915இல் நட்டஈட்டையும் நீதிமன்றம் உறுதிசெய்தது. 1917இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 34 ஆயிரம் டொலரோடு கணக்கு முடிந்தது. வீடுகள் ஏலத்துக்குப் போகாமல் இருக்க, மற்றத் தொழில்களில் இருந்தவர்களிடமும் ஒரு மணிநேரச் சம்பளம் கேட்டுக் காசு சேர்த்தார்கள். தொப்பி செய்யத் தெரியாத எத்தனையோ பேரின் காசு அதில் இருக்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு விஷயம் எங்களை உறுத்தியது. லேபல் எதற்கு உத்தரவாதம்? சங்கம் ஒப்புக்கொண்ட சம்பளத்துக்கு. செய்த கை நடுங்கவில்லை எண்டதுக்கு இல்லை. நியூ ஜேர்சி மாநிலத்தில் ஃப்றீமன் என்ற வைத்தியர் தொப்பித் தொழிலாளர்களின் பாதரச நோயைப் பற்றி 1860இலேயே எழுதிவிட்டார். அமெரிக்கத் தொப்பித் தொழில் பாதரசத்தைக் கைவிட்டது 1941 டிசம்பரில். இடையில் 81 வருஷம். கடைசியில் அதை விட்டதிலும் உலகப் போருக்குப் பங்கு உண்டு: வெடிபொருட்களைத் தூண்டுகிற சாதனங்களுக்குப் பாதரசம் தேவைப்பட்டது. இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. 1934க்கு முந்திய லேபல் உள்ள தொப்பி, பாதரசக் காலத்துத் தொப்பி. போராடி வென்ற உரிமையும், யாரும் நிறுத்தாத நஞ்சும் ஒரே தொப்பிக்குள் கிடக்கின்றன.

கிடக்கின்றன எண்டு சொல்வது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய ஃபெல்ற் தொப்பிகளைச் சோதித்தபோது இன்னும் பாதரசம் காணப்பட்டிருக்கிறது. டான்பரியின் ஸ்ரில் ஆற்றுச் சேற்றிலும் அது இருக்கிறது. ஆகவே பழைய தொப்பி கிடைத்து, அதைத் திருத்த ஆசைப்படுகிறவர்களுக்கு: கையுறை போடுங்கோ. ஆவி பிடிக்கிறது வெளிக்காற்றில் நடக்கட்டும். அரத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீங்கோ. தோல் பட்டியைக் கழற்றினால், பழைய ஊசித் துளைகளிலேயே திரும்பத் தையுங்கோ. லேபல் கிழிஞ்சு, மங்கிப் போயிருந்தாலும் எடுத்து எறியாதீங்கோ. கொம்பனியின் பெயர் தோல் பட்டியில் பொன் எழுத்தில் இருக்கும். செய்தவர்களுக்குக் கிடைத்தது அந்தச் சின்னக் கடதாசி மட்டும்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்களில் ஒருவர் தன்னுடைய ரீ-சேட்டின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இலங்கையில் தயாரிக்கப்பட்டது எண்டு இருந்தது. அளவு இருந்தது, எப்படித் தோய்ப்பது எண்டும் இருந்தது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே எத்தனை ஆயிரம் பெண்கள் இப்படிச் சட்டைகளைத் தைத்திருப்பார்கள். லேபலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தம். தைத்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.