கையொப்பக்காரரும் பின்தொடர்பவரும்

புத்தகம் போடுகிற நண்பர் ஒருவர் சென்ற மாதம் சொன்னார்: "முகநூல்ல அட்டைப்படம் போட்டேன். ஆயிரம் பேர் லைக் போட்டாங்க. முன்பதிவுக்குப் பணம் கட்டினது நாற்பது பேர்." எனக்கு உ.வே.சா. ஞாபகம்தான் வந்தது.

சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. அச்சுச் செலவுக்காக அவர் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வருமுன்னே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்வதுதான் கையொப்பம். இன்றைய முன்வெளியீட்டுத் திட்டம் அதன் பேரப்பிள்ளை. ஆனால் அன்று யாரிடம் கையொப்பம் கேட்க முடிந்தது? ஜமீன்தார், மடத்தைச் சார்ந்தவர், வக்கீல், சர்க்கார் உத்தியோகஸ்தர். சாதியும் சொத்தும் வடிகட்டித் தந்த பெயர்ப் பட்டியல் அது. வாசகர் என்பது புரவலரின் இன்னொரு பெயராக இருந்தது.

இந்த வட்டத்தை உடைக்க நினைத்தவர் பாரதி. தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் போட 1920இல் திட்டமிட்டு, கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போலத் தம் நூல்கள் வீடுதோறும் போய்ச்சேரும் என்று நம்பினார். 1921இல் இறந்துபோனார். திட்டம் கடுதாசியோடு நின்றது.

பாரதிக்குக் கிடைக்காத வாசகரைத் திரட்டியது சந்தை அல்ல, இயக்கம். சுயமரியாதை இயக்கத்தின் மலிவு விலைச் சிறுநூல்கள் பொதுக்கூட்டங்களில் கைமாறின. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டார்கள். படிக்கத் தெரியாதவரும் அங்கே வாசகர்தான். புத்தகத்தை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருந்தது.

முகநூல் 2006இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நம் பதிப்பாளர்களும் அங்கே வந்தார்கள். அட்டைப்படம், நூலிலிருந்து ஒரு பத்தி, புத்தகக் காட்சியில் அரங்கு எண், வெளியீட்டு விழாவின் நேரலை. இதைப் பழித்துப் பேச நான் தயாரில்லை. பெரிய பத்திரிகையின் மதிப்புரைக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்பது சிறு பதிப்பகங்களுக்கும் தலித் எழுத்தாளர்களுக்கும் சின்ன விஷயம் இல்லை. வாசலில் நின்ற காவல்காரனைத் தாண்டி வாசகரிடம் நேரடியாகப் பேச முடிந்தது.

ஆனால் காவல்காரன் போய்விட்டானா? கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறினான், அவ்வளவுதான். 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம் ஒரு மாற்றத்தை அறிவித்தது: நண்பர், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு இனி முன்னுரிமை, நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் பின்னுக்குப் போகும். பதிப்பகங்களின் பக்கங்களும் இந்த இரண்டாவது வகைதான். பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் பதிவு எத்தனை பேர் கண்ணில் படும் என்பதைத் தீர்மானிப்பது பதிப்பாளர் அல்ல. காசு கட்டினால் இன்னும் கொஞ்சம் பேருக்குக் காட்டுவார்கள். நாம் சேர்த்த வாசகரிடம் நாமே பேச வாடகை!

இங்கே கவனிக்க வேண்டியது தொழில்நுட்பத்தை அல்ல, உடைமையை. கையொப்பப் பட்டியல் குறுகலானது, சாதி படிந்தது. ஆனாலும் பதிப்பித்தவர் கையில் இருந்தது. சிறுபத்திரிகைகளின் சந்தாதாரர் நோட்டும் அப்படித்தான். பின்தொடர்பவர் பட்டியலோ நிறுவனத்தின் சொத்து. எண்ணிக்கை மட்டும் நமக்கு, ஆள் அவர்களுக்கு.

முகநூலை விட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் கூடுகிற இடத்தில்தான் குரல் கொடுக்க வேண்டும். கூட்டத்திலிருந்து வாசகரைத் தனியே அழைத்துவந்து பேர், ஊர் கேட்டுக்கொள்வது வேறு வேலை. அதை இயந்திரம் செய்து தராது.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அந்த நாற்பது பேர் விலாசத்தையும் முதல்ல ஒரு நோட்டுல எழுதி வைங்க" என்று மட்டும் சொன்னேன்.