கண்மாய்க்குக் கண்மாய் நடந்த விதை

ஸ்ரீவராகத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலேறும் நம் குடும்பங்கள், ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஜன்னலோரம் முள்ளுக்காடு தொடங்குவதைப் பார்த்திருப்பார்கள். அதில் பெரும்பங்கு சீமைக் கருவேல். பிள்ளைகள் கேட்டால், "வெள்ளைக்காரன் கொண்டாந்தது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பாதி சரி. 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பாப் பகுதியில் விறகுக்காக நட்டார்கள். ஆனால் இராமநாதபுரத்துக் கண்மாய்களுக்குள் கொண்டுபோய் விட்டது யார்? வேலிக்கென்று நாம் நட்டது கொஞ்சம். மிச்சத்தைச் சுமந்தது நம்ம ஆடுமாடுதான்.

நெற்று இனிப்பு. கோடையில் வேறு தீனி கிடைக்காதபோது கால்நடை அதை விரும்பித் தின்னும். உள்ளே விதைக்குக் கெட்டியான ஓடு. ஆடு கொஞ்சம் மென்று அழிக்கும். மாட்டின் வயிற்றில் பெரும்பாலும் முழுசாகத் தப்பி, ஓடு இளகி, சாணத்தோடு விழும். விழும் இடம் எது? தண்ணீரும் பசும்புல்லும் தேடி மந்தை கூடுகிற கண்மாய். அடுத்த மழையில் முளைத்துவிடும். குளம்புச் சேறும் சும்மா இல்லை. குட்டையோரத்துச் சேறு மூன்று கரண்டி எடுத்து டார்வின் வளர்த்துப் பார்த்தபோது 537 செடிகள் முளைத்ததாக 1859-ல் எழுதினார். அவர் நினைத்தது பறவைக் காலை; மாட்டுக்கால் அதைவிடப் பெரிது!

இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டே தஞ்சாவூர் வரை நடப்பவர்கள். அவர்களைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. நாட்டுக் கருவேல் விதையையும் மந்தைகள்தான் பரப்பின, கண்மாய் கெடவில்லை. காரணம் எளிது: நாட்டுக் கருவேலின் இளந்தழையை ஆடு மேய்ந்து மட்டுப்படுத்தும். சீமைக் கருவேலின் தழையைத் தொடாது, நெற்றை மட்டும் தின்னும். பரப்பும் வேலை நடந்தது, அடக்கும் வேலை நடக்கவில்லை.

மேய்ச்சலை நிறுத்தினால் போச்சு என்றும் சொல்ல முடியாது. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் 1982-ல் தடை போட்டார்கள். எதிர்ப்பில் துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். எருமை போன பிறகு நீர்ப்புல் மண்டி, பறவைகளுக்குத் திறந்த தண்ணீரே குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர்களே இதை எடுத்துச் சொன்னார்கள்.

நம் பக்கம் 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை சீமைக் கருவேலை அகற்றச் சொன்னது. 2022-ல் அரசு தனிக்கொள்கையே வகுத்தது. ஜேசிபி வைத்துப் பிடுங்கிய கண்மாயில் சாணத்து விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் இறங்கி நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும். அதற்கு டெண்டர் விடுவதாகத் தெரியவில்லை.