அகந்தை என்னும் குற்றச்சாட்டு: புனேயின் கிறிஸ்தவ வரலாற்றில் தாழ்ச்சி

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்துவந்த ஞானோபதேச வினாவிடையில் தலையான பாவங்கள் ஏழு என்று எண்ணப்படுகின்றன. அந்த வரிசையில் முதலில் நிற்பது அகங்காரம். அவற்றுக்கு மாற்றாகச் சொல்லப்படும் ஏழு புண்ணியங்களின் வரிசையில் முதலில் நிற்பது தாழ்ச்சி. சீர்திருத்தச் சபையினர் இதே பண்பை மனத்தாழ்மை என்பர். தலையான பாவம் என்பதற்கு மிகக் கொடிய பாவம் என்பது பொருளன்று. பிற பாவங்கள் பிறப்பதற்கு ஊற்றாக இருப்பது என்பதே பொருள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவிகள் மனத்தைக் கெடுக்கும் தீய நினைவுகள் எட்டு என வகுத்திருந்ததை, ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையான முதலாம் கிரகோரியார் ஏழாக மாற்றி அமைத்து, செருக்கை அவை எல்லாவற்றுக்கும் வேராக வைத்தார். அவருக்கு முன்பே அகுஸ்தீனார் முதல் மனிதனின் வீழ்ச்சிக்குச் செருக்கையே காரணமாகக் கண்டிருந்தார். புனித பெனடிக்டு தம் மடத்து ஒழுங்கின் ஏழாம் அதிகாரத்தில் தாழ்ச்சியைப் பன்னிரண்டு படிகளாக வகுத்தார். இவை அனைத்துக்கும் அடிப்படையாக நிற்பது, இறைமகன் தம்மையே வெறுமையாக்கிக்கொண்டு அடிமையின் நிலையை ஏற்றார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் காணப்படும் கருத்தும், கைதாவதற்கு முந்திய இரவில் இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்ற யோவான் நற்செய்தியின் செய்தியுமாகும்.

இங்கே தமிழில் உள்ள ஒரு சொற்சிக்கலைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. திருக்குறளில் பெருமை என்பது ஒரு நற்பண்பு. 98ஆம் அதிகாரம் அதன் பெயராலேயே அமைந்துள்ளது. தமிழ் வேதாகமத்திலோ அதே சொல் பெரும்பாலும் கடவுள் எதிர்த்து நிற்கும் பாவத்தைக் குறிக்கிறது. ஒருவர் தம் தகுதியை உணர்ந்து நிமிர்ந்து நிற்பதற்கும், தம்மினும் பிறரைத் தாழ்வாக எண்ணுவதற்கும் ஒரே சொல் வழங்கும்போது, எது மானம், எது செருக்கு என்று பிரித்துச் சொல்லும் உரிமை யாருடையது என்ற கேள்வி எழாமல் இராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மராத்திய நாட்டின் புனே நகரைச் சுற்றி வாழ்ந்த கிறிஸ்தவர்களின் வாழ்வில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது.

1818 வரை பேஷ்வாக்களின் தலைநகராக இருந்த புனே, வைதிகப் பிராமணர்களின் செல்வாக்குக்குப் பெயர்பெற்ற ஊர்; அதன் பின்னர் ஆங்கிலேயரின் பெரிய படைத்தளம். சாதியின் உயர்வும் ஆட்சியின் உயர்வும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த அந்நகரில், குருவார் பேட்டையிலுள்ள பஞ்ச ஹௌத் என்னும் இடத்தில் இங்கிலாந்தின் கௌலி துறவிகளும் வாண்டேஜ் ஊரைச் சேர்ந்த புனித கன்னி மரியாள் சபைச் சகோதரிகளும் பணிபுரிந்தனர். ஐந்து நீர்த்தொட்டிகள் என்பது அவ்விடப் பெயரின் பொருள். 1890 அக்டோபரில் அங்கே நடந்த ஒரு கூட்டத்துக்கு நகரப் பெரியோர் பலர் அழைக்கப்பட்டு, அவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. சிலர் அருந்தினர், சிலர் மரியாதைக்காகக் கோப்பையை வாங்கிவைத்துவிட்டனர். வந்திருந்தோரின் பெயர்கள் செய்தித்தாளில் வெளியானதும், மிலேச்சர் கையால் தேநீர் பெற்ற குற்றத்துக்காக வழக்கு சங்கராச்சாரியாரின் பிரதிநிதிகள் வரை சென்றது. பால கங்காதர திலகர், மகாதேவ கோவிந்த ரானடே போன்றோரும் பிராயச்சித்தம் செய்ய நேர்ந்தது. ஒரு கோப்பைத் தேநீரால் குலையும் உயர்வு எத்தகையது என்பதை மிஷனரிகள் எளிதாகச் சுட்டிக்காட்ட முடிந்தது. ஆயின் தம்மிடமிருந்த உயர்வெண்ணத்தை அவர்களால் அவ்வளவு எளிதாகக் காண முடியவில்லை என்பதற்கு, அதே வாண்டேஜ் சகோதரிகளுக்கும் பண்டித ரமாபாய்க்கும் இடையே சில ஆண்டுகளுக்கு முன் நடந்த கடிதப் போக்குவரத்தே சான்றாக நிற்கிறது.

1858இல் சித்பாவனப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ரமாபாய்க்குத் தாயும் தந்தையுமே சமஸ்கிருதம் கற்பித்தனர். இருபதாம் வயதில் கல்கத்தாவின் அறிஞர்கள் அவருக்குப் பண்டிதா, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தனர். கணவரை இழந்த பின் 1882இல் புனேயில் ஆர்ய மகிளா சமாஜத்தைத் தொடங்கிய அவர், அங்கே வாண்டேஜ் சகோதரிகளோடு பழகி, 1883இல் தம் குழந்தை மனோரமாவுடன் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டு செப்டம்பரில் அவர்களது மடம் இருந்த ஊரிலேயே திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு ஞானத்தாயாக அமைந்தவர் சகோதரி ஜெரால்டின். இருவரும் ஒருவரையொருவர் உண்மையாகவே நேசித்தனர். கடிதங்களை வாசிப்போருக்கு அதில் ஐயம் எழாது. ஆயினும் ரமாபாய் கேள்வி கேட்டபோதெல்லாம், மும்மை ஒருமைக் கோட்பாட்டை வேதாகமத்திலிருந்து காட்டுங்கள் என்று கோரியபோதெல்லாம், அந்த நேசம் கண்டிப்பாக மாறியது. கீழ்ப்படியாமை, தற்பெருமை, தன்விருப்பம் ஆகிய குற்றங்கள் அவர்மேல் சுமத்தப்பட்டன.

குற்றச்சாட்டுக்குக் காரணமானவற்றுள் சில இன்று வியப்பைத் தரும். இங்கிலாந்தில் இருந்தபோதும் ரமாபாய் புலால் உண்ண மறுத்ததை, விடமுடியாத சாதிப்பற்றாகவே ஜெரால்டின் கண்டார். லத்தீன் எழுத்துகள் பொறித்த சிலுவையை அணியத் தயங்கிய ரமாபாய், தாமும் தம் நாட்டுப் பெண்களும் அறியாத அந்த மொழியில் சமஸ்கிருதத்தினும் மேலான புனிதம் என்ன இருக்கிறது என்ற பொருளில் எழுதிக் கேட்டார். அதுவும் செருக்கின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் அவர் கற்றுக்கொண்டிருந்தபோது, இளைஞர்களுக்கு இந்திய மொழி கற்பிக்கலாம் என்ற யோசனை எழ, லாகூர், பம்பாய் ஆயர்கள் அதற்குத் தடை சொன்னார்கள். பெண்ணொருத்தி ஆண்களுக்குக் கற்பிப்பது தாழ்மைக்கு ஒவ்வாதது என்பது அவர்கள் கருத்தின் சாரம். தம் தந்தையும் கணவரும் கூட விதிக்காத தடையை ஆயர்கள் விதிப்பதை ரமாபாய் ஏற்கவில்லை. இந்தியப் புரோகிதரின் நுகத்தைக் கழற்றியெறிந்து வந்தவள் அதே போன்ற இன்னொரு நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்கமாட்டாள் என்று அவர் உறுதியாகத் தெரிவித்தார். அக்கல்லூரியின் தலைவி டொரோதியா பீல் மட்டும் ரமாபாயின் கேள்விகளைக் கேள்விகளாகவே எடுத்துக்கொண்டு விடை சொல்ல முயன்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

துறவு மடத்தின் மரபில் தாழ்ச்சி என்பது ஒருவர் தாமாக மேற்கொள்ளும் பயிற்சி. பெனடிக்டின் பன்னிரண்டு படிகளும் ஏறுபவனுக்கே உரியவை. பிறரை அளப்பதற்காக அவை வகுக்கப்படவில்லை. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஆளப்படும் இனத்தைச் சேர்ந்த ஒருவரிடம் அதைக் கோரும்போது, அது அச்சொல்லின் பழைய பொருளை இழந்து அடக்கியாளும் கருவியாகிவிடுகிறது. வாண்டேஜ் சகோதரிகள் தீயவர்கள் அல்லர். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தம் வாழ்வையே கொடுத்தவர்கள். அத்தகையோருக்கும் இந்தப் பிழை கண்ணில் படாமற் போயிற்று என்பதே இந்நிகழ்ச்சியில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

ரமாபாயின் தாழ்ச்சி எங்கே இருந்தது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1889இல் பம்பாயில் தொடங்கி அடுத்த ஆண்டே புனேக்கு மாற்றிய சாரதா சதனம், தொடக்கத்தில் உயர்சாதி விதவைகளுக்கான கல்வியில்லமாக இருந்தது. சமையலில் சாதியாசாரம் காக்கவும் அங்கே வசதி இருந்தது. 1896ஆம் ஆண்டுப் பஞ்சம் அந்த எல்லையை உடைத்தது. மத்திய மாகாணங்களில் பசியால் வாடிய சிறுமிகளை அவர் நேரில் சென்று அழைத்துவந்தார். அவர்களில் எல்லாச் சாதியாரும் இருந்தனர். புனேயில் பிளேக் நோய்க் கட்டுப்பாடுகள் நெருக்கவே, நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கேட்காவில் வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தினார். முக்தி எனப் பெயர்பெற்ற அவ்விடத்தில், 1900ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் சுமார் 2,000 பெண்களும் குழந்தைகளும் வாழ்ந்தனர். அவரது கடைசி ஆண்டுகளின் பெரும்பணி விவிலியத்தை மராத்தியில் மொழிபெயர்த்தது. ஏற்கெனவே இருந்த மொழிபெயர்ப்புகள் சமஸ்கிருதம் மிகுந்து எளிய பெண்களுக்கு எட்டாமல் இருந்தமையால், எபிரேயமும் கிரேக்கமும் கற்று, தாம் பட்டம் பெற்ற அந்தச் சமஸ்கிருதத்தையே கூடியவரை விலக்கி, கிராமத்துப் பெண்ணுக்கும் விளங்கும் மராத்தியில் எழுதினார். அச்சுக்கோத்தவர்கள் முக்தியில் வளர்ந்த பெண்கள். 1922 ஏப்ரல் 5 அன்று, அவ்வேலையை முடித்த நிலையில் ரமாபாய் காலமானார். சரஸ்வதி என்னும் பட்டம் பெற்ற ஒருவர் தம் மொழிப்புலமையையே இறக்கிவைத்ததைக் காட்டிலும் பெரிய தாழ்ச்சிச் செயல் அந்த நகரத்தின் கிறிஸ்தவ வரலாற்றில் இல்லை.

ரமாபாய் மறைந்த அதே 1922இல், அகமதுநகர்ப் பகுதியில் ஜாக் வின்ஸ்லோ என்னும் ஆங்கிலேயக் குரு கிறிஸ்த சேவா சங்கத்தை நிறுவினார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்த அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் மராத்திக் கவிஞர் நாராயண வாமன் திலக். பிராமணராகப் பிறந்து 1895இல் திருமுழுக்குப் பெற்ற திலக், துகாராமின் பக்தியே தம்மைக் கிறிஸ்துவிடம் கொண்டுசேர்த்த பாலம் என்று கருதியவர். புனேக்கு அருகிலுள்ள தேஹுவில் வாழ்ந்த துகாராமின் அபங்கங்கள் என்னும் பக்திப் பாடல்களைப் பாடியபடி பண்டரிபுரத்துக்கு நடந்து செல்லும் வார்கரிகள், ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்கிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். பாதம் கழுவும் சடங்கு பெரிய வியாழன் அன்று மட்டும் நடைபெறும் கோவில்களிலிருந்து வந்தோருக்கு அந்த வழக்கம் எத்தகைய பாடமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். திலக் 1917இல் மிஷன் வேலையையும் சம்பளத்தையும் விட்டு விலகி, சாதாராவில் ஒரு பக்தர் கூட்டத்தை அமைத்தார். இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார். வெள்ளைக்கார மிஷனரிக்குப் பங்களாவும் உயர்ந்த சம்பளமும், அவருக்குக் கீழ் வேலை செய்யும் இந்தியருக்குச் சிறு கூலியும் என்றிருந்த அமைப்பில் தாழ்ச்சியைப் போதிக்க முடியாது என்பதை வின்ஸ்லோ அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்.

1920களின் இறுதியில் சங்கம் புனேயின் சிவாஜிநகரில் ஆசிரமம் அமைத்தது. இந்தியரும் ஆங்கிலேயரும் ஒரே கூரையின் கீழ், கதர் உடுத்து, தரையில் அமர்ந்து, மரக்கறி உணவைக் கையால் உண்டு வாழ்ந்தனர். ஒருகாலத்தில் ரமாபாயின் செருக்குக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்ட அதே மரக்கறி உணவு, இங்கே ஆங்கிலேயரின் தாழ்ச்சிக்கு அடையாளமாயிற்று. 1927இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்துசேர்ந்த வெரியர் எல்வின், அடுத்த ஆண்டே சபர்மதியில் காந்தியைச் சந்தித்து, பின்னர் ஆங்கில ஆட்சிக்கு எதிரான இயக்கத்தின் பக்கம் நின்று, சங்கத்தின் மராத்தி உறுப்பினரான சாம்ராவ் ஹிவாலேயுடன் 1932இல் கோண்டுகளிடையே வாழச் சென்றுவிட்டார். எல்லாம் இணக்கமாக நடந்தன என்று சொல்ல முடியாது. துறவறத்தாருக்கும் இல்லறத்தாருக்கும் ஒரே விதியில் வாழ்வது கடினமாக இருந்தது; 1934இல் சங்கம் பிரிந்து, துறவிகளின் பிரிவு கிறிஸ்த பிரேம சேவா சங்கம் என்ற பெயருடன் புனேயில் தொடர்ந்தது.

தமிழ்நாட்டில் இம்முயற்சிக்கு ஓராண்டு மூத்தது திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம். 1921இல் அதை நிறுவிய மருத்துவர்கள் இருவருள் தமிழரான சவரிராயன் ஏசுதாசன் பெரியண்ணன் என்றும், செல்வக் குடியில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டனர். ஆளும் இனத்தவர் தம்பியின் இடத்தை ஏற்றுக்கொண்ட அந்த உறவுப்பெயர், நீண்ட இறையியல் விளக்கத்தைவிட அதிகம் சொல்கிறது. இதை இராபர்ட் தெ நொபிலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1606இல் மதுரை வந்த அந்த இயேசு சபைத் துறவி காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். உடலை வருத்திய வகையில் எந்த ஆசிரமவாசிக்கும் அவர் குறைந்தவர் அல்லர். எனினும் உயர்சாதியாரை அணுகுவதற்காகத் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தமையால், அவர் தம் நாட்டுப் பெருமையை உதறி இந்நாட்டுச் சாதியின் பெருமையை ஏற்றுக்கொண்டார் என்ற விமரிசனம் நியாயமானதே. கண்டியில் 1893இல் தொடங்கப்பெற்ற பாப்பரசர் குருமடம் 1955இல் புனேக்கு இடம்பெயர்ந்தபின், தமிழ் இளைஞர் பலர் குருத்துவக் கல்வி பெறும் அந்நகரில் நொபிலியின் பெயரால் ஒரு கல்லூரியும் உள்ளது. இந்த வழக்கின் இரு பக்கங்களையும் அவர்கள் அங்கேயே கற்பது நல்லது.

சிவாஜிநகர் ஆசிரமத்தில் சகோதரர்களின் எண்ணிக்கை குறைந்து, 1960களில் அது வெறிச்சோடிப்போயிற்று. 1970களின் தொடக்கத்தில் கத்தோலிக்கத் திருஇருதய சபைச் சகோதரிகளும் ஆங்கிலிக்கச் சகோதரிகளும் ஒன்றுகூடி அதை மீண்டும் திறந்தனர். பார்சிக் குடும்பத்தில் பிறந்த வந்தனா மாதாஜியும், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த, சங்கரரின் அத்வைதத்தை ஆழ்ந்து கற்ற சாரா கிராண்டும் அதற்கு வழிகாட்டினர். வழிபாட்டில் உபநிடதங்களும் வாசிக்கப்பட்டன. தரையில் அமர்ந்து அவர்களோடு அந்த வாழ்வைப் பகிர்ந்துகொண்ட ஆங்கிலிக்கச் சகோதரிகள், ரமாபாயின் ஞானத்தாய் ஜெரால்டின் சேர்ந்திருந்த அதே வாண்டேஜ் புனித கன்னி மரியாள் சபையைச் சேர்ந்தவர்கள்.