குறை யாரிடம்? குடும்ப மதிப்பீட்டின் வரலாற்றுப் போக்கு

கணவன் மனைவி பிணக்கோடு ஒரு குடும்பம் வந்து நிற்கும்போது சமூகப்பணியாளர் முதலில் எதைக் கேட்கிறார் என்பதைக் கொண்டே அவர் எந்தக் காலத்தவர் என்று சொல்லிவிடலாம். குறை எங்கே இருப்பதாகக் கருதப்பட்டதோ அதற்கேற்ப மதிப்பீட்டு முறைகளும் மாறிவந்தன. அந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒழுக்கமும் சான்றும்

1869இல் லண்டனிலும் 1877இல் அமெரிக்காவின் பஃபலோவிலும் தோன்றிய தரும அமைப்புச் சங்கங்கள் ஏழைக் குடும்பங்களுக்கு ஆளனுப்பி விசாரித்தன. குடி, சோம்பல், ஊதாரித்தனம் ஆகியவையே அங்கு தேடப்பட்டன. 1889இல் பால்டிமோர் சங்கத்தில் சேர்ந்த மேரி ரிச்மண்ட், இந்தத் தேடலுக்கு முறைமை தந்தார். 1917இல் வெளிவந்த அவருடைய ‘சோஷியல் டயக்னோசிஸ்’ நூல், உறவினர், மருத்துவர், பள்ளி, முதலாளி எனப் பல தரப்பிலும் சான்று திரட்டச் சொன்னது. பணியாளர்கள் மனைவியிடம் மட்டும் பேசிவிட்டு, கணவனைப் பார்க்காமலே திரும்பும் வழக்கத்தையும் அது குறை கூறியது. சான்று பெருகியது உண்மை. ஆனால் ‘நோயறிதல்’ என்ற சொல்லே நோயாளி ஒருவரைத் தேட வைத்தது. பின்னர் ஃபிராய்டின் செல்வாக்கில், குறை ஒழுக்கத்திலிருந்து தனிமனித உள்ளத்துக்கு இடம் பெயர்ந்தது.

இருவருக்கும் இடையில்

1950களில் முர்ரே போவென் போன்றோர் குடும்பத்தை ஒரே அமைப்பாகப் பார்க்கத் தொடங்கினர். சமூகப்பணி பயின்ற வர்ஜீனியா சதிர், தம்பதியரைச் சேர்த்து உட்காரவைத்து அவர்கள் பேசிக்கொள்ளும் விதத்தையே ஆராய்ந்தார். 1975இல் ஆன் ஹார்ட்மன் உருவாக்கிய ‘ஈகோமேப்’ என்னும் சூழல் வரைபடம் பார்வையை வீட்டுக்கு வெளியேயும் கொண்டுசென்றது. தாளின் நடுவே பெரிய வட்டத்தில் குடும்பம். சுற்றிலும் வேலை, பள்ளி, சொந்தபந்தம், மருத்துவமனை எனச் சிறு வட்டங்கள். உறுதியான உறவுக்கு அழுத்தமான கோடு, மெலிந்த உறவுக்குப் புள்ளிக்கோடு, உரசலுக்குக் குறுக்கே வெட்டிய கோடு. மனைவியின் பிறந்த வீட்டுக்கு ஒரு கோடும் போகவில்லையென்றால், கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட அவளுக்கு இடமில்லை என்பது அந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும்.

அதிகாரம் என்னும் கேள்வி

இந்த நோக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. ‘இருவருக்கும் பங்குண்டு’ என்று எழுதும் அறிக்கை, அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைத்துவிடும். குடும்பச் சிகிச்சை ஆண், பெண் ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுப்பதில்லை என்று 1978இல் ரேச்சல் ஹேர்-மஸ்டின் விமர்சித்தார்.

இந்தியாவில் இவ்விரு நோக்குகளும் 1984 என்ற ஒரே ஆண்டில் அருகருகே நின்றன. அவ்வாண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கி, ஆலோசகர்களுக்கும் இடமளித்தது. அதே ஆண்டில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகப் பம்பாய் காவல்துறைக்குள்ளேயே சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த சம்பவ அறிக்கைப் படிவம், ‘பிணக்கு’ என்ற பொதுச்சொல்லைப் பிரித்துப் போட்டது. ஆண் குழந்தை இல்லையென்று இழித்துப் பேசுவது, சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாம் அதில் தனித்தனியே குறிக்கப்படுகின்றன.

முடிவுரை

இன்றைய ஆலோசகருக்கு வரைபடமும் வேண்டும், படிவமும் வேண்டும். எது முதலில் என்பதில்தான் கவனம் தேவை. ஆபத்து உண்டா என்று அறியாமல் தம்பதியரைச் சேர்த்து உட்காரவைத்தால், கணவன் முகத்தைப் பார்த்தபடிதான் மனைவி பதில் சொல்வாள். கணவனையும் பார்க்க வேண்டும் என்றார் ரிச்மண்ட். அவன் இல்லாதபோது அவளை முதலில் பார்க்க வேண்டும் என்பது அதற்குப் பின் வந்த அனுபவம் சேர்த்த பாடம்.