ஸ்டெம் செல் போட்டா சரியாயிருமா? ஒரு குட்டி வரலாறு (த்ரெட்)

1/ உடன்குடியிலிருந்து ஓபிக்கு வந்த ஒரு அக்கா. மகனுக்கு ஆட்டிசம். "ஸ்டெம் செல் போட்டா சரியாயிரும்னு சொல்லுதாங்க சார். நகைய அடகு வச்சிரட்டுமா?"னு கேட்டாங்க. கூட்டத்துல முழுசா சொல்ல முடியல. இங்க சொல்றேன்.

2/ எலும்பு மஜ்ஜையில, ரத்தத்தை உருவாக்காத, ஆனா எலும்பாக மாறக்கூடிய செல்கள் இருக்குன்னு 1960-70களில் காட்டியவர் சோவியத் விஞ்ஞானி ஃப்ரீடென்ஸ்டைன். 1991இல் அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன் அதுக்கு 'மீசன்கைமல் ஸ்டெம் செல்'னு பேர் வச்சார். தேய்ந்த உறுப்புக்கு உதிரிபாகம் கிடைச்சாச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க.

3/ 2002இல் கதை மாறுது. இத்தாலியில் மனித டி செல்களோட இந்தச் செல்களைச் சேர்த்து வளர்த்தாங்க. டி செல் என்பது நம்ம நோய் எதிர்ப்புப் படையின் சிப்பாய். தூண்டிவிட்டும் அது பெருகவே இல்லை!

4/ எப்படி? அழற்சி இருக்கும் இடத்தில் இன்டர்ஃபெரான் காமா சுரக்கும். அது பட்டதும் இந்தச் செல்கள் ஐடிஓ என்ற நொதியை உருவாக்கும். டி செல் பெருகத் தேவையான டிரிப்டோபேனை அந்த நொதி சிதைச்சிடும். சிப்பாயைக் கொல்லல, ரேஷனை நிறுத்திடுது. ப்ரோஸ்டாகிளாண்டின் இ2வும் கூடவே வேலை செய்யும்.

5/ ஸ்டாக்ஹோமிலிருந்து 2004இல் வெளியான அறிக்கை. மஜ்ஜை மாற்று செய்த 9 வயசுப் பையன். தானமா வந்த செல்களே அவன் குடலையும் கல்லீரலையும் தாக்குது. எந்த மருந்தும் கேட்கல. கேத்தரினா லெ பிளாங்க் குழு அவன் அம்மாவின் மஜ்ஜையிலிருந்து இந்தச் செல்களை வளர்த்துச் செலுத்தினாங்க. அம்மாவோடது பாதிதான் பொருந்தும். ஆனாலும் பையன் மீண்டான்.

6/ அப்புறம் பெரிய ஆய்வுகளில் சறுக்கலும் உண்டு. அதே நோய் உள்ள குழந்தைகளுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2024 டிசம்பரில்தான். பெங்களூரில் தயாராகும் ஒரு மருந்துக்கு, பீடி-சிகரெட்டால் வரும் பர்கர் நோய்க்காக 2016இல் நம்ம நாட்டில் வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைச்சது.

7/ 2017இல் கேப்லனே, 'ஸ்டெம் செல்'ங்கிற பேர் நோயாளிகளைத் தப்பா நம்ப வைக்குது, மாத்துங்கன்னு எழுதினார். இது புது உறுப்பாக மாறுற செல் இல்ல. மருந்து சுரக்கும் செல்.

8/ ஆட்டிசத்துக்கு? பரிந்துரைக்க முடியாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே சொல்லிடுச்சு. ஆராய்ச்சின்னு சொல்லிட்டு காசு கேட்டா, எந்திரிச்சு வந்துடுங்க.

9/ அக்காகிட்ட சொன்னது இதுதான்: "நகை உங்க கழுத்துலயே இருக்கட்டும். பையனை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பேச்சுப் பயிற்சி அங்க இலவசம்."