புற்றுநோய் இரத்தப் பரிசோதனை யாருக்குத் தேவை?

தனியார் ஆய்வகங்களின் ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ்களில் சிஇஏ, சிஏ-125 என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். இரத்தத்தில் புற்றுநோய்க் குறியீடுகளை அளக்கும் சோதனைகள் இவை. எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு இவற்றால் பயன் உண்டா? சான்று அடிப்படையிலான மருத்துவம் இல்லை என்றே சொல்கிறது.

சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கப்படும் சிஏ-125, மாதவிடாய், கர்ப்பம், கருப்பைக் கட்டி போன்றவற்றாலும் உயரும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை 16 ஆண்டுகளுக்கு மேல் கண்காணித்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் இச்சோதனை செய்துகொண்டவர்களிடையே அந்நோயால் ஏற்படும் மரணம் குறையவில்லை. புற்றுநோயே இல்லாத சிலருக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததுதான் மிச்சம்.

சிஇஏ புகைப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். குடல் புற்றுநோயின் தொடக்கத்திலோ பலருக்கு உயராது. அதே சோதனை, குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க அவசியமாகிறது. ஆகவே, சோதனை நல்லதா என்பதைவிட யாருக்கு, எதற்கு என்பதே கேள்வி.

மலேசியாவில் 50 வதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை உண்டு. கூச்சப்பட்டே பலர் இதைத் தட்டிக்கழிக்கிறார்கள்.

பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன், “இது கூடுதலாக வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள், டாக்டர்?” என்று கேளுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, சிஇஏ சரியாக இருக்கிறதென்று வீட்டில் இருந்துவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.