ஆற்றோடு கிடக்கும் சாலை: கல்லணை – காவிரிப்பூம்பட்டினம்

தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் பட்டியலில் அதற்கு 22 என்று எண். பெயர் கல்லணை – காவிரிப்பூம்பட்டினம் சாலை. நீளம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். தொடங்குவது காவிரியைப் பங்கு பிரிக்கும் அணையில். முடிவது காவிரி கடலில் விழும் ஊரில். நடுவே திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. இதை இன்ன அரசர் போட்டார், இன்ன கலெக்டர் போட்டார் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாது. ஆற்றுக்குக் கரை போட்டவர்களே இதற்கும் அடிமண் போட்டார்கள். இந்தச் சாலையின் வரலாற்றை நீர்ப்பாசன வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

டெல்டாவில் வழிப்போக்கருக்கு முதல் தடை தண்ணீர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள். எல்லாக் கிளைகளும் கிழக்கே ஓடுவதால், தெற்கு வடக்காகப் போகிறவர் ஒவ்வொன்றையும் கடந்தாக வேண்டும். மேற்கு கிழக்காகப் போகிறவருக்கு அந்தப் பாடு குறைவு. இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளம் கொண்டுவரும் வண்டல் படிந்து படிந்து ஆற்றோரம் மேடாகும். வயல் தாழ்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெளியெல்லாம் தண்ணீர் நிற்கும்போது வண்டி போக மிஞ்சுவது அந்த மேடுதான். கோயிலும் குடியிருப்பும் வண்டித்தடமும் அதில் வரிசையாக அமைந்தன. திருவையாற்றுக்குக் கிழக்கே திருப்பழனம், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம் என்று ஊர் ஊராக வளைந்து போகும் சாலையின் வளைவுகள் ஆறு வரைந்தவை.

கோவலனும் கண்ணகியும் நடந்த வழி இதுவே என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மை. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை அவர்களைக் காவிரியின் வடகரை வழியே மேற்கே அழைத்துச் செல்கிறது. திருவரங்கத்தை ஒட்டித்தான் அவர்கள் ஆற்றைக் கடந்து தென்கரை ஏறுகிறார்கள். இன்றைய சாலையோ மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் வரை ஆற்றுக்குத் தெற்கே கிடக்கிறது. திருவையாற்றை ஒட்டிய வடகரைப் பகுதியில்தான் காப்பிய வழியும் நெடுஞ்சாலையும் நெருங்கி வருகின்றன. அதே காதையில் அவர்களோடு செல்லும் சமணத் துறவி கவுந்தியடிகள் வழியின் இடர்களைச் சொல்லும் இடம், சாலை வரலாறு எழுதுகிறவருக்குக் கிடைத்த அரிய சான்று. சோலை வழியே போனால் கிழங்கு தோண்டிய குழிகளைப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கால் இடறும். நீர்க்கரை வழியே போனால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். சமணத் துறவியின் அருள் நெஞ்சம் பேசுகிறது என்பது ஒரு புறம். நெல் நாட்டில் நடப்பதென்றால் என்ன என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பழைய எழுத்து வேறு இல்லை என்றே தோன்றுகிறது.

வழியின் கிழக்கு முனைக்குப் பொருள் தந்தது துறைமுகம். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை காவிரிப்பூம்பட்டினத்தை ஒட்டிய கீழையூரில் அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. அந்தத் துறை மறைந்த பிறகும் வழி மறையவில்லை. கோயில்கள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. சித்திரையில் நடக்கும் ஏழூர் விழாவில் திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிக்குடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி வருகிறது. அது கோடைக்காலம், ஆறு வறண்டு கிடக்கும். பாலம் இல்லாத காலத்தில் தெற்கு வடக்காகப் பெருங்கூட்டம் நகர ஏற்ற பருவம் அதுதான்.

மராத்தியர் காலத்தில் அரண்மனையின் கவனம் வேறு பக்கம் திரும்பியது. இராமேசுவர யாத்திரை வழியில் பல சத்திரங்கள் எழுந்தன. இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்பெற்றது. காவிரி வழிக்குப் பெரும்பாலும் கோயிலும் அக்ரஹாரமுமே நிழல்.

1799-இல் தஞ்சை நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்துக்குள் வந்தது. வந்தவர்களின் முதல் கவலை ஆறு. நீர் கொள்ளிடத்தில் இறங்கிக்கொண்டிருக்க, காவிரி மணலேறிக்கொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் 1836 வாக்கில் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணைகள் எழுப்பியதன் பின்னணி இதுதான். அணை வந்ததும் கரைகளைப் பலப்படுத்தும் வேலை பெருகியது. குடிமராமத்து என்று ஊரார் வழக்கமாகச் செய்துவந்த வேலையை அரசு சட்டத்தால் கட்டாயமாக்கியது: 1858-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம், கரை உடையும் ஆபத்து வந்தால் ஆட்களை வேலைக்கு இழுக்க அதிகாரிகளுக்கு உரிமை கொடுத்தது. மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள். சாலையின் உயரத்தில் அவர்களுடைய உழைப்பு கிடக்கிறது. ஆவணங்களில் அவர்களின் பெயர் இல்லை. 1871-இன் உள்ளூர் நிதிச் சட்டப்படி சாலைக்கென்று நிலவரியோடு வரி பிரிக்கப்பட்டது. பணம் வந்தாலும் கல் வரவில்லை. வண்டல் பூமியில் கல் ஏது? செம்பாறாங்கல்லுக்கு வல்லம் மேட்டுக்குப் போக வேண்டும். அதனால் கிழக்கே போகப் போகச் சாலை போடும் செலவு ஏறியது.

பிறகு ரயில் வந்து இந்தச் சாலையை இரண்டாக்கியது. 1877-இல் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக, இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயவரத்துக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. ஆடுதுறை, குத்தாலம் எல்லாம் ஸ்டேஷன் உள்ள ஊர்கள் ஆயின. மேற்குப் பாதிக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை. தியாகராஜ ஆராதனைக்கு ஆண்டுதோறும் அத்தனை பேர் கூடும் திருவையாற்றுக்கு இன்றும் ரயில் நிலையம் கிடையாது. சாலையே அதற்கு எல்லாம். தஞ்சை ஜில்லா போர்டுக்கு அப்போது பணமும் துணிவும் இருந்தன. வரிப்பணத்திலிருந்தே மாயவரம் – முத்துப்பேட்டை ரயில் பாதையை 1894-இல் அது திறந்தது. அந்த ஊக்கத்தில் ஒரு பங்கு திருவையாற்றுப் பக்கமும் திரும்பியிருக்கலாம் என்ற ஆதங்கம் எழாமல் இல்லை.

சாலைக்கு ‘மாநில நெடுஞ்சாலை’ என்ற தகுதி வந்த கதை சிறியது. 1943-இன் நாக்பூர் திட்டம் நாட்டுச் சாலைகளை வகை பிரித்தது. சென்னை மாகாணத்தில் 1946-இல் நெடுஞ்சாலைத் துறை பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்தது. இதன் விளைவு பெரிது. கரையும் சாலையும் வெவ்வேறு துறைகளிடம் போயின. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய பிறகு பஸ் எட்டாத ஊர்கள் குறைந்தன.

நெல் இல்லாமல் இந்தச் சாலையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. 1922-இல் ஆடுதுறையில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இதன் ஓரத்தில்தான் இருக்கிறது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலந்து 1960-களில் அங்கே வந்த ஏடிடி 27 ரகம், குறுவையின் விளைச்சலை உயர்த்தியது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். அதுவே மழை கூடும் காலம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அரசு தளர்த்தினால்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். களம் போதாத ஊர்களில் விவசாயி நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறார். இரவில் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது ஆபத்து. விவசாயிக்கோ வேறு போக்கில்லை. அகலப்படுத்தும் திட்டங்களில் களத்துக்கும் இடம் ஒதுக்குவது நெடுஞ்சாலைத் துறையால் ஆகாத காரியமல்ல.

இப்போது புறவழிச்சாலைகளின் காலம். கரை மேட்டில் போன பழைய வழி வயலை அதிகம் தின்னவில்லை. புறவழி வயலுக்கு நடுவேதான் போயாக வேண்டும். 2022-இன் இறுதியில் திருவையாற்றுப் புறவழிக்காகக் கண்டியூர் பக்கம் பயிர் நின்ற வயலில் மண் கொட்டப்பட்டபோது விவசாயிகள் மறித்துப் போராடினார்கள். தேர்வீதியில் நெரிபடும் திருவையாற்றுக்குப் புறவழி வேண்டும் என்பதும் உண்மை. அறுவடை வரை காத்திருந்திருக்கலாம் என்பதும் உண்மை. 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் தேடலையும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும் இங்கே தடுக்கிறது. சாலை முதலான உள்கட்டமைப்புப் பணிகளுக்கு அந்தத் தடை இல்லை.